மைதாப் பசையில் ஒட்டிய சீட்டு

அருங்காட்சியகவியலில் முதுகலை படிக்கும் பிள்ளைகள் நடத்துகிற ஓர் இதழிலிருந்து கடிதம் வந்தது. இப்போது அவர்கள் பொருளைக் கைப்பேசியில் படம் எடுத்து, விவரத்தை நேராகக் கணினியில் ஏற்றிவிடுகிறார்களாம். பென்சிலால் அட்டை எழுதிய காலத்தைப் பற்றி, அதில் இருந்த யாராவது எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். எழுதலாம். ஆனால் என் பென்சில் ஒரு மண்குடத்தில் போய்த்தான் நிற்கும். அது பரவாயில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

சாலவாக்கத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம் என்னுடையது. ஏரித் தண்ணீர், நெல், மறுபடியும் நெல். பதினோரு வயதில் அறுப்புக்கு இறங்கி, வலது கை அரிவாள் இடது கை மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டது. பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு அந்தக் கையில் மோதிரம் போட்டதில்லை, எந்தக் கையிலும் அரிவாள் பிடிக்கவில்லை, படிக்க அனுப்பிவிட்டார்கள்.

இளங்கலை வரலாறு முடித்து, இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது நைனா வரப்பில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தார்.

"அது படிச்சா இன்னா வேலை?"

"மியூசியத்துல, நைனா. பழைய பானை, சிலை எல்லாத்தையும் பாத்துக்கணும்."

"நம்ம வூட்டு பரண்ல நாலு பானை கீது. அத பாத்துக்கினு இங்கியே இரேன். பஸ் சார்ஜாவது மிச்சம்."

சொன்னாரே தவிர, மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரை வந்தவரும் அவர்தான்.

இரண்டு வருடம் பட்டணத்தில். ஒரு மாடி வகுப்பறை, எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். வெளிச்சம் துணியைத் தின்னும் என்று படித்தோம். மூச்சு செம்பின் மேல் போய் உட்காரும். கல்லுக்குள்ளிருந்து உப்பு பூக்கும். காகிதத்துக்குப் பூச்சி எதிரி, பூச்சி மருந்து அதைவிட எதிரி. உலகத்தில் எதுவும் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொன்றும் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கிறது, நாம் செய்யக்கூடியது அதைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது மட்டும்தான் என்று எனக்குப் புரிந்தபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பழகிவிட்டது. செய்முறை வகுப்பில் எல்லோருக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை. என் இடது கையுறையில் ஒரு விரலின் நுனி காலியாக மடிந்து தொங்கும். தோழிகள் அதைப் பிடித்து இழுப்பார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் எனக்குள் ஆழமாக இறங்கியது ஒரே ஒரு கட்டளை. பொருளின் மேல் நீ எதைச் செய்தாலும், நாளைக்கு வருகிறவர் அதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். ஒட்டினால் பிரிக்க வர வேண்டும். பூசினால் துடைக்க வர வேண்டும். எண் எழுதினால்கூட முதலில் ஒரு பூச்சு, அதன்மேல் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. பஞ்சில் திரவம் நனைத்து ஒரு தடவு தடவினால் எண்ணும் போய்விடும், பொருள் அப்படியே இருக்கும். பொருளைத் தொட்டும் தொடாதது போல இருக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் இது ஒரு மதம் மாதிரி எனக்குப் பிடித்துப்போனது.

இரண்டாம் வருடம் களப்பயிற்சி. சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் உத்திரமேரூருக்கு அனுப்பினார்கள். ஓர் அறக்கட்டளை பழைய நெல் கிடங்கு ஒன்றை எடுத்து, சின்ன அருங்காட்சியகமாக நடத்தி வந்தது. மழை நாளில் உள்ளே இன்னமும் உமி வாசனை வரும். முன்னால் காட்சிக்கூடம், பின்னால் சரக்கறை, நடுவில் ஒரு மேசை. அந்த மேசைக்குப் பின்னால் காப்பாட்சியர் கோதண்டபாணி சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லி. சட்டைப் பையில் இரண்டு பென்சில், பேனா கிடையாது. சரக்கறை வாசலில் ஒரு தகர டப்பா வைத்திருந்தார். உள்ளே போகிறவர்கள் பேனாவை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அறக்கட்டளையின் நிர்வாகியே வந்தாலும் சரி. மை சிந்தினால் சிந்தியதுதான். பென்சில் உடைந்தால் பென்சிலோடு போகும். பேனா அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் மேசை மேல் இருந்த பதிவேடு. அதில் பென்சிலுக்கு இடமில்லை. பொருள் வந்த நாள், வந்த வழி, அளவு, நிலை எல்லாம் மையில், ஒரே தடவை. தவறு வந்தால் அழிக்கவோ சுரண்டவோ கூடாது; உள்ளே இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"பொருள்ல அழியறா மாதிரி எழுது. புக்குல அழியாம எழுது. இந்த ரெண்டத்த மாத்திக்காதே. அவ்ளோதாம்மா இந்த வேல" என்பார்.

அவருடைய பரீட்சை ஒன்று உண்டு. மேசை மேல் ஒரு பொருளை வைப்பார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மடியில் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம்.

"சொல்லு. நான் வரையறேன்."

நாம் சொல்லச் சொல்ல, சொன்னதை மட்டும் வரைவார். சொல்லாததை வரைய மாட்டார். முதல் நாள் எனக்கு ஒரு கெண்டி வைத்தார். "அழகான வேலைப்பாடுள்ள, பிற்காலத்தைச் சேர்ந்த, வழிபாட்டுக்குப் பயன்பட்ட..." என்று ஆரம்பித்தேன். பென்சில் நகரவே இல்லை.

"இன்னாம்மா சொல்றே? கண்ணுல பாத்தத சொல்றியா, புக்குல பாத்தத சொல்றியா? எவ்ளோ ஒசரம்?"

ஒரு மணி நேரம் சொன்னேன். திரும்பிப் படத்தைக் காட்டினார். கழுத்தும் வயிறும் மூக்கும் இருந்தன.

"நீ சொன்ன கெண்டிக்கு வாயே இல்ல பாரு. தண்ணி எப்டி ஊத்துவே? ஊசி போட்டா?"

இப்படி நாற்பது பொருள். கடைசியாக வைத்தது ஓர் உடைந்த அகல். அதை நான் சொல்லி முடித்தபோது அவர் வரைந்திருந்த படத்தில் விளிம்பில் இருந்த சில்லு கூடச் சரியான இடத்தில் இருந்தது. பாராட்டவில்லை. "நாளைலேருந்து அட்டை எழுது" என்றார்.

படிப்பின் கடைசிக் கட்டம் ஒரு காட்சித் திட்டம். மாணவர் தானே ஒரு சிறு கண்காட்சி வைத்துக் காட்ட வேண்டும், வெளியிலிருந்து தேர்வாளர் வந்து பார்ப்பார். உத்திரமேரூரில் இருந்துகொண்டு வேறு எதை வைப்பது? பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, வருகிற பெயரைச் சபைக்கு எடுத்த கதை கோயில் சுவரில் அடிக்கு அடி வெட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு நேராக எங்கள் கிடங்குக்கு வந்து கேட்கிற முதல் கேள்வி, "அந்தக் குடம் எங்கே?" குடம் எங்கும் இல்லை. மண் எத்தனை காலம் தாங்கும்? அதனால் நானே ஒன்று செய்து வைப்பதென்று முடிவு செய்தேன்.

மாகறலுக்கு அந்தப் பக்கம், செய்யாற்றை ஒட்டி முனுசாமி என்று ஒரு குயவர். அவரிடம் போனேன்.

"இன்னா பானை ஓணும் பாப்பா? கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?"

"ஓட்டுப் போடற பானை."

"அதுக்குத்தான் பொட்டி கீதே. இப்ப மிசினே வந்துக்கீது."

கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சக்கரத்தைச் சுற்றிவிட்டார். கழுத்து குறுகலாக, கை மட்டும் நுழைகிற வாய் வைத்தார். பாதி காய்ந்த குடத்தைத் தட்டிப் பரப்பும்போது உள்ளே ஒரு கூழாங்கல்லை அணைத்துப் பிடிப்பார்கள். வெளியே பலகையால் தட்டுவார்கள். நான் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்து, "கல்லு வெக்கிற எடத்துல உன் கைய வெச்சிப் பாரேன். உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியும்" என்றார். இடது கையை விட்டேன். தோள் வளைவில் ஈர மண் விரல்களுக்கு நடுவில் ஏறி வந்தது. ஒவ்வொரு தட்டும் எலும்பில் கேட்டது. கையை எடுத்தபோது நாலு விரல் பள்ளம் உள்ளே நின்றது. அழுத்தித் தேய்த்துவிடலாமா என்றேன். "வுடு, உள்ளாறதானே. எவன் பாக்கப் போறான்" என்றார்.

சுட்டு வாங்கிவந்து, வயல் சேற்றில் ஒரு மாதம் புதைத்து, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, புகை காட்டினேன். மேசை மேல் வைத்தபோது கோதண்டபாணி சார் வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று வந்தார்.

"ரொம்ப நல்லா கீது. அதாம்மா பயமா கீது. அடியில 'மாதிரி'ன்னு கீறிப் போடு."

"கீறினா அழியாதே சார்."

"அழியக் கூடாதுன்னுதாம்மா சொல்றேன். ஆணி எடுத்து கீறு."

"சீட்டு எழுதி ஒட்டிடறேன் சார். எதுவானாலும் திரும்ப எடுக்கற மாதிரி..."

"அது பழைய சாமானுக்கு. பொய் சாமானுக்கு வேற சட்டம்."

அவர் எதையும் இரண்டாவது தடவை சொல்கிறவர் இல்லை. நான் ஆணியை எடுத்தேன். குடத்தைக் கவிழ்த்தேன். வைத்தேன், எடுத்தேன். இரண்டு வருடம் படித்த கை கீறவில்லை. வெள்ளைக் காகிதத்தில் 'மாதிரி. கண்காட்சிக்காகச் செய்தது' என்று எழுதி, மைதாப் பசையால் அடியில் ஒட்டினேன். வெந்நீர் காட்டினால் கறையில்லாமல் உரிந்துவரும் பசை. ஒழுங்கான வேலை என்று அப்போது நினைத்தேன்.

தேர்வாளர் குடத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். முதல் வகுப்பில் தேறினேன். குடத்தைக் கிடங்கின் சரக்கறையிலேயே விட்டுவிட்டு, தெற்கே ஒரு தனியார் சேகரிப்பில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஆறு வருடம். அதற்குள் கோதண்டபாணி சாருக்குக் கை விழுந்து, பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்துக்கு அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டது.

முதல் நாள் காட்சிக்கூடத்தில் நுழைந்தபோது நடுப்பேழையில், கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சத்தில் என் குடம் இருந்தது. 'குடவோலைக் குடம். சுடுமண். சோழர் காலம்.'

சிரிப்புதான் முதலில் வந்தது. பேழையைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன். காகிதம் இல்லை. பசை இருந்த இடத்தில் பூச்சி அரித்த மங்கல் வட்டம். அதன் பக்கத்தில் சிவப்பில், பூச்சுக்கு நடுவில், முறையாக எழுதிய பதிவு எண். காப்பாட்சியர் இல்லாத இடைவெளியில் யாரோ இருப்புச் சரிபார்க்க வந்து, எண் இல்லாத பழைய குடம் ஒன்றைக் கண்டு, மனசு பொறுக்காமல் எண் கொடுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் கையெழுத்துக்கூட இல்லை.

அன்று மாலையே நிர்வாகியிடம் போனேன். "ஐயா, நடுவுல இருக்கற அந்தக் குடம்..."

"அதுக்கு இன்னாம்மா? வெரிசல் கிரிசல் வுட்டுதா?"

"இல்ல ஐயா."

"பத்திரமா பாத்துக்க. அத பாக்கத்தான் ஸ்கூல் பசங்கள வண்டி கட்டிக்கினு இட்டாறாங்க. அது இல்லாட்டி நம்மகிட்ட இன்னா கீது, நாலு அம்மியும் ஒரலும்."

இரண்டு வாக்கியத்தில் முடிகிற விஷயம் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். வாயை மூடிக்கொண்டு வந்தேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு என்பது எத்தனை விசாலமான சொல். சீட்டை மட்டும் மாற்றினேன். 'குடம். சுடுமண். காலம் தெரியவில்லை.' பதிவேட்டிலும் 'சோழர் காலம்' என்ற மை எழுத்துக்கு மேலே அதையே எழுதி வைத்தேன், பென்சிலால். அந்தப் புத்தகத்தில் பென்சில் பட்டது அதுதான் முதல் தடவை. காலம் எனக்குத் தெரியும். மாதம், கிழமை கூடத் தெரியும்.

பத்தொன்பது வருடம் அந்தப் பேழைக்கு வாரம் ஒருமுறை தூசி தட்டினேன். கிடங்குக் கூரையை மாற்றினோம். கரையானோடு போரிட்டோம். வேறு நூற்றுக்கணக்கான அட்டைகள் எழுதினேன். அவற்றில் பொய் இல்லை. மனிதர்கள் நினைப்பதுபோல் மறைத்த விஷயம் தினமும் உறுத்துவதில்லை. அது மேசை நாற்காலி போல ஆகிவிடுகிறது. மோதிக்கொள்ளாமல் நடக்கக் கால் பழகிக்கொள்கிறது.

அப்போது ஷமீமா வந்தாள். அதே முதுகலைப் படிப்பு, அதே களப்பயிற்சி. கடைத்தெருவில் வாளி, கயிறு, தார்ப்பாய் விற்கும் பஷீர் பாயின் மகள். நான் கோதண்டபாணி சாரின் நாற்காலிப் பரீட்சையை அவளுக்கும் வைத்தேன். முதல் நாளே, "மேடம், நீங்க வரையறதுல வீக்கா, நான் சொல்றதுல வீக்கா, எப்டி கண்டுபுடிக்கறது?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் நடுப்பேழைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"காலம் தெரியவில்லைன்னு போட்டுக்கீதே மேடம். யாரும் கண்டுபுடிக்க பாக்கலியா?"

"இல்ல."

"புக்குலயும் பென்சில்ல கீது. அப்டின்னா யாரோ சந்தேகப்பட்டு, முடிக்காம வுட்டுக்கீறாங்க. நான் பண்றேனே."

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? "பண்ணு" என்றேன். என் கோழைத்தனம் எழுதி வைத்த இரண்டு சொல்லைத்தான் அவள் கதவு என்று நினைத்துத் திறந்தாள். மண்ணை வெறும் கண்ணால் பார்த்துக் காலம் சொல்ல முடியாது, தெரியவில்லை என்றே ஏட்டை முடிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மாதம் உழைத்தாள். கல்வெட்டுப் படிகளை உட்கார்ந்து படித்தாள். குழாய் வேலைக்காரர்கள் அடைப்புப் பார்க்க உள்ளே விடும் சின்னக் கேமரா ஒன்றை அப்பாவின் கடைக்குச் சாமான் போடுகிறவரிடம் வாங்கி, குடத்துக்குள் விட்டுப் படம் எடுத்தாள். அந்த வாரம் நான் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்து கடைத்தெருவில் இறங்கியபோது பஷீர் பாய் கூப்பிட்டார்.

"மேடம், கேட்டீங்களா? நம்ம பாப்பா ஒரு பொம்பளய கண்டுபுட்ச்சிக்கீது."

"யாரை?"

"யாருக்குத் தெரியும், ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பொம்பளயாம். வாளி வாங்க வர்றவங்க அல்லாருக்கும் சொல்லிக்கினு கீறேன். பேஜார் பண்றேன்னு திட்றா."

ஷமீமாவின் மூன்றாம் அத்தியாயம் என் மேசையில் இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் ஏட்டைக் கொடுக்க வேண்டும். அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்தேன். குடத்தின் தோள் உட்பக்கத்தில் நாலு விரல் தடங்கள். குறுகிய, சிறிய கை. பெண்ணின் கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடத்துக்குள் போன ஓலைகளில் பெண் பெயர் இல்லை. ஆனால் குடத்துக்குள் முதலில் போனது ஒரு பெண்ணின் கை. அப்படி எழுதியிருந்தாள். அழகான வாக்கியம். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்த அட்டையிலும் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. அடுத்த வரி: 'மூன்றாவது விரலின் தடம் மற்றவற்றைவிடக் குட்டையாக, நுனியின்றி முடிகிறது. அந்தப் பெண் வேலையில் விரல் நுனியை இழந்தவளாக இருக்கலாம்.'

அந்த வரியின் கீழ், தாளைப் பிடித்தபடி, அந்த விரல் இருந்தது.

ஐந்து மாதமாக அவள் என் கையிலிருந்து தேநீர்க் குவளை வாங்கியிருக்கிறாள். தினமும் பார்ப்பதை யார் பார்க்கிறார்கள்?

மறுநாள் காலை காட்சிக்கூடம் திறக்குமுன் அவளை உட்காரச் சொன்னேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

"இன்னா மேடம், பாஸ் பண்ணிட்டேனே, மறுபடியும் பரீட்சையா?"

"இன்னிக்கு நான் சொல்றேன். நீ வரை."

முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். நான் சொன்னேன். இடது கை. புறங்கை மேல் பார்க்க, விரல்கள் லேசாக விரிந்து. மணிக்கட்டின் அகலம் இவ்வளவு. நடுவிரல் இவ்வளவு. மோதிர விரல், கடைசி மூட்டுக்கு மேல் நகமில்லை. நுனி உள்பக்கம் சுருங்கி, ஒரு சின்னத் தையல் தழும்பு. வயது இப்போது ஐம்பது. குடத்துக்குள் போனபோது இருபத்து மூன்று.

பென்சில் நின்றது. வெளியே நகரப் பேருந்து ஒன்று நின்று, ஆள் ஏற்றி, கிளம்பிப் போனது. அவள் திரும்பினாள். மேசை மேல் என் கை இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூஞ்சிய பாத்து சொல்ல முடியலியா மேடம்?"

"முடியல."

"எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு."

"தெரியும்."

"நீங்க இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் வரவில்லை. கடை வழியாகப் போனபோது பஷீர் பாய் தலையைக் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் வந்தாள். கையில் கைப்பேசி, ஒரு நோட்டு. உட்காரவில்லை.

"நீங்க சொல்றத நான் எப்டி நம்பறது? எழுத்துல ஒண்ணும் இல்ல. சாட்சிக்கு ஆளு இல்ல. குடத்த வெச்சி நான் உங்கள பதிவு பண்ணணும். பொருள பதிவு பண்ற மாதிரி."

மூன்று மணி நேரம் கேட்டாள். குயவர் பெயர், மண் எந்தப் பக்கத்தது, புதைத்த வயல், எத்தனை நாள், தேயிலை எவ்வளவு. அளவு நாடாவைக் கொண்டு என் விரல்களை அளந்தாள். நான் பழக்கியபடியே, துணி நாடாவால், தோலில் படாமல் அளந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"உங்க சார் கீறச் சொன்னாரே. ஏன் கீறல?"

"எதைச் செஞ்சாலும் திரும்ப எடுக்க முடியணும்னு படிச்சிருந்தேன்."

"பத்தொம்பது வருஷத்த எப்டி திரும்ப எடுப்பீங்க மேடம்?"

கைப்பேசியில் பதிவை நிறுத்தி, நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டாள். அவளுடைய வழிகாட்டி ஆறு மாதம் கூடுதல் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். கூடப் படித்தவர்கள் அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்ட அன்று அவள் எங்கள் சரக்கறையில் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். புது ஏடு, ஒரு மாதிரிப் பொருள் எப்படிப் பழம்பொருள் ஆகிறது என்பதைப் பற்றியது. காகிதம், பசை, பூச்சி, ஆளில்லாத நாற்காலி, நிர்வாகியின் பெருமை, என் பென்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. என் பெயரைப் போடவா என்று கேட்டாள். போடு என்றேன். தேறிவிட்டாள். நன்றியுரையில் என் பெயர் இல்லை. சரிதான்.

அறக்கட்டளைக்கு நானே கடிதம் எழுதினேன். பழைய நிர்வாகியின் மகன் இப்போது பொறுப்பில். என்னை நீக்கவில்லை, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாள், மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஷமீமா வந்திருந்தாள். புது ஆள் வரும் வரை சாவியை வாங்கிக்கொள்ள அவளைத்தான் சொல்லியிருந்தார்கள். குடத்தைப் பேழையிலிருந்து இறக்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். பெட்டியில் ஓர் ஆணி தேடி எடுத்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"அப்போ சொன்னதை இப்போ செய்யறேன். 'மாதிரி'ன்னு கீறிடறேன்."

ஆணியை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"இப்ப கீறக் கூடாது மேடம். அந்த பசை வட்டம், அந்த ராங் நம்பரு, உள்ள இருக்கற வெரலு, அல்லாம் சேத்து இப்ப அது பொருளு. அதுல கை வெக்க உங்களுக்கும் ரைட்ஸ் இல்ல, எனக்கும் இல்ல." பதிவேட்டை என் பக்கம் தள்ளித் திறந்தாள். "அங்க எழுதாதீங்க. இங்க எழுதுங்க."

அந்தப் பக்கம் வந்தது. மையில் 'சோழர் காலம்'. மேலே என் பென்சில் எழுத்து, மங்கி, ஆனால் அழியாமல். கை பழக்கத்தில் பென்சிலை எடுத்தது. அவள் வாசலில் இருந்த தகர டப்பாவுக்குப் போய், தன் பேனாவை எடுத்துவந்து, மூடியைக் கழற்றி, பக்கத்தில் வைத்தாள்.

மை எழுத்தின் மேலும் பென்சில் எழுத்தின் மேலும், இரண்டும் படிக்கத் தெரிகிற மாதிரி, ஒற்றைக் கோடு இழுத்தேன். 'மாதிரி. படிப்பின் காட்சித் திட்டத்துக்காகச் செய்தது. வனைந்தவர் மாகறல் முனுசாமி. உட்பக்க விரல் தடம் என்னுடையது. இதை அறிந்தும் பத்தொன்பது வருடம் எழுதவில்லை.' கீழே பெயர், நாள், கையெழுத்து.

பழைய புத்தகம், தைத்த இடத்தில் விறைத்துப்போய், பக்கம் படியாமல் எழும்பிக்கொண்டே இருந்தது. இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுதினேன். நான் என்ன எழுதுகிறேன் என்று ஷமீமா பார்க்கவில்லை. எழுதி முடிக்கும் வரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.